நாக்கு வரைக்கும்

செய்தி வந்தபோது நான் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். விருந்தினர் விடுதியின் காவலாளி கைபேசியில் அழைத்தார். "சேவியர் அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். "எங்க போயிட்டாரு? மத்தியானம் ஒகாவா சாருக்குச் சமைக்கணுமே" என்று கேட்டேன். மறுமுனையில் காவலாளி மூக்கை உறிஞ்சினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. செம்பட்டி வரைக்கும் நின்றேன், செம்பட்டி தாண்டியும் நின்றேன். நடத்துநர் "உக்காருங்கம்மா" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார்.

அந்த நிலைகொள்ளாமை இன்னும் முழுசாகப் போகவில்லை. இதை எழுத உட்காருகிறேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், வாசலை எட்டிப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். சேவியரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் மறுபடியும் குடிக்க ஆரம்பிக்கவில்லை. அடக்கத்தன்று நீங்கள் பார்த்ததும் உண்மை, முகர்ந்ததும் உண்மை. அதிலிருந்து நீங்கள் முடிவு கட்டியதுதான் பொய்.

அவரைப் பாதி தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வேடசந்தூர் சாலையில் இருக்கிற எங்கள் வால்வு கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து வரும் பொறியாளர்கள் ரவுண்டு ரோட்டில் ஒரு வீட்டில் தங்குவார்கள். அந்த விடுதியின் சமையலும் நிர்வாகமும் சேவியர் அண்ணன் பொறுப்பு. நான் தனலட்சுமி, குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரி, அங்கே மொழிபெயர்ப்பாளர். பொறியாளர்களில் அதிக காலம் தங்கியவர் ஒகாவா. அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சாக்கே பாட்டில்களைச் சுற்றி எடுத்து வருவார். சாக்கே என்பது அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கிற அவர்கள் ஊர் மது. அதற்கேற்ற சாப்பாடு திண்டுக்கல்லில் கிடைக்காத ஏக்கம் அவருக்கு இருந்தது. அந்த ஏக்கம் சேவியர் அண்ணனின் தலையில் வந்து விடிந்தது.

அடக்கத்தன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பட்டி வீட்டில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. நான் தெருமுனையில் கம்பெனிக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒகாவா கறுப்பு டை கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். பையிலிருந்து சின்ன பாட்டிலையும் ஒரு வெள்ளைக் கோப்பையையும் எடுத்து, நிறைய ஊற்றி, சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டு இடுப்பு மடியக் குனிந்து நின்றிருக்கிறார். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது அவர்கள் வழக்கம். அதை அவர் என்னிடம் கேட்டிருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன். நான் உள்ளே ஓடியபோது அறை முழுக்க அந்த வாசனை பரவியிருந்தது. காப்பி போடச் சமையலறைக்குள் போன பெண்கள் அங்கே மேல்தட்டில் பச்சையும் நீலமுமாக வரிசை கட்டி நின்ற பாட்டில்களை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

"ஏலே, பழையபடிதான் போல. ஜப்பான்காரரே ஊத்தி வெக்கிறாரு பாரு" என்றார் பந்தலில் ஒருவர்.

"அதான் நெஞ்சு தாங்கல" என்றார் இன்னொருவர்.

கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் ஊர்வலம் முழுக்க அந்தப் பேச்சுதான். நான் வேகமாக நடந்தேன், பின்தங்கினேன், யாருடைய சட்டையையாவது பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை அரித்துக்கொண்டிருந்ததே அதுதான்.

அவர் ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர்தான். அதை மறைத்தவரும் இல்லை. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளன்று நிதானம் தவறிக் கோயில் வாசலில் பூசை நேரத்தில் விழுந்ததை, வேறு யாருக்கோ நடந்ததைப் போல நடித்தே காட்டுவார். "அன்னைக்குச் சாயந்திரம் மாதாகிட்டச் சொன்னேன் தாயி. இனி ஒரு சொட்டு தொண்டைக்குக் கீழ இறங்காதுன்னு. கீழன்னுதான் சொன்னேன், நல்லாக் கேட்டுக்க" என்பார். அந்தக் 'கீழ' என்ற சொல் பின்னாளில் இவ்வளவு வேலை செய்யும் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார்.

ஒகாவா முதன்முதலில் கோப்பையை நீட்டிய நாள் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், அடியில் நீல வளையங்கள். அந்த நீலத்தின் மேல் வைத்துத்தான் சாக்கேயின் தெளிவைப் பார்ப்பார்கள். சேவியர் அண்ணன் மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கினார். வாங்கியவர், நாமெல்லாம் செம்பில் தண்ணீர் குடிக்கிற மாதிரி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அது நாக்கில் நிற்குமா? நேரே தொண்டைக்குழிக்குப் போய்விட்டது. கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடி, பப்பாளி மரத்தடியில் காறிக் காறித் துப்பினார். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தன் ஊர்ச் சாக்கே அவ்வளவு மோசமா என்று ஒகாவா வெலவெலத்துப்போய் அவர் பின்னாலேயே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று மாதாவின் கதையை ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டியதாயிற்று.

கேட்டுவிட்டு ஒகாவா சிரித்தார். சாக்கே வடிக்கிற இடங்களில் ருசி பார்ப்பவர்கள் நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் இருப்பார்கள், விழுங்கினால் வேலை நடக்காது என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் சேவியர் அண்ணனின் முகம் மாறிவிட்டது. "துப்பறதுதான் முறையா? நெசமாவா? இன்னொரு தடவ கேளு" என்றார். கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியாரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டு, "துப்பிட்டா பாவம் எங்கய்யா ஒட்டப் போகுது? ஆனா கவனமா இரு" என்றாராம்.

அதன் பிறகு பாடம் ஆரம்பித்தது. உதட்டை வைத்துக் குடிப்பதே அவருக்குப் பெரிய கஷ்டம். எச்சில் பண்ணிக் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று நெளிவார். தனக்கென்று அந்த நீல வளையக் கோப்பை ஒன்றை ஒதுக்கி, அதைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். முதலில் பார்க்க வேண்டும், பிறகு முகர வேண்டும், பிறகு ஒரு வாய் எடுத்துச் சுர்ரென்று காற்றை உள்ளிழுத்து நாக்கு முழுக்க ஓடவிட வேண்டும். பிறகு மூச்சை மூக்கால் விட வேண்டும். துப்புவதற்கு ஒகாவா ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார். "சமையக்கட்டுல துப்பறதா? அந்தச் சோலி நம்மகிட்ட ஆகாது" என்று சேவியர் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அதனால் பாடம் எல்லாம் பின்வாசல் படியில்தான். பப்பாளி மரம்தான் துப்பும் கிண்ணம். அந்த வருஷம் அது காய்த்த காய்ப்பைப் பார்த்துவிட்டுக் காவலாளி, "மரம் போதையில காய்க்குதுண்ணே" என்பார்.

நான் குடிக்கமாட்டேன். முகர்ந்து பார்ப்பதோடு சரி. என் வேலை பேச்சை மாற்றித் தருவது. அதிலும் அவருக்குத் திருப்தி கிடையாது. "தாயி, அந்த மனுசன் அம்புட்டு நேரம் பேசினாரு. நீ இம்புட்டுக்காணு சொல்ற. மிச்சத்த எங்க வெச்சிருக்க?" என்று சண்டைக்கு வருவார். ஒகாவா மெலன் என்றால் நான் முலாம்பழம் என்பேன். அவர் முகர்ந்துவிட்டு, "முலாம்பழம் இல்ல, வெள்ளரிப்பழம். வெடிச்ச வெள்ளரிப்பழம்" என்பார். வாழைப்பழம் என்றால், "எந்த வாழப்பழம்? சும்மா வாழப்பழம்னா என்ன அர்த்தம்? இது சிறுமலைப் பழம், அதுவும் தோலு கறுத்தது" என்பார். நான் அதைத் திருப்பி ஜப்பானிய மொழியில் சொல்லத் திணறுவேன். ஒரு நாள் ஒகாவாவே சந்தைக்குப் போய்ச் சிறுமலைப் பழம் வாங்கி வந்து, கோப்பையையும் பழத்தையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

சாப்பாட்டோடு சேர்ப்பதில்தான் அடி வாங்கினார். ஐஸில் வைத்த மணமான சாக்கேக்கு மிளகு தூக்கலாகப் போட்டு அயிலை மீன் வறுத்துக் கொடுத்தார். அந்தக் காரத்தில் சாக்கே வெறும் தண்ணீராகத் தெரிந்தது. அதைவிட அவரைக் குடைந்தது வேறு ஒன்று. ஒகாவா சாக்கே இருக்கிற வரைக்கும் சோற்றைத் தொடவே மாட்டார். "சோத்தத் தொடாம உக்காந்திருக்காரே, என்ன குத்தம்? குழைஞ்சிருக்கா? கேளு தாயி" என்று என்னை அரித்தெடுத்தார். கேட்டேன். சாக்கேயே அரிசிதானே, அதோடு எதற்குச் சோறு, சோறு கடைசியில் என்றார் ஒகாவா.

சேவியர் அண்ணன் நெற்றியில் அறைந்துகொண்டார். "அப்ப அதுதான் சோறு! மத்ததெல்லாம் வெஞ்சனம்! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அன்றிலிருந்து அவர் கை மாறிவிட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கத் தெரியாதவரா அவர்? மணமான சோற்றுக்கு உப்பு குறைந்த வெஞ்சனம், கனமான சோற்றுக்கு இழுத்துப் பிடிக்கிற வெஞ்சனம். சென்னையிலிருந்து வரவழைத்த மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதில் அயிலையைக் கொதிக்கவிட்டு, கனத்த சாக்கேயைச் சூடு பண்ணிப் பக்கத்தில் வைத்தார். கத்திரிக்காயைச் சுட்டு அதே விழுதைத் தடவினார். காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன சோறுன்னு கேட்டுச் சொல்லு" என்பார். எந்த பாட்டில் என்று அர்த்தம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் அது. பொறுமை மட்டும் வரவே இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்தபோது அவர் வைத்த விருந்தைக் கம்பெனியில் இன்றும் பேசுகிறார்கள். கடைசியாக வெள்ளை முள்ளங்கியை வட்டமாக நறுக்கி, மெத்தென்று வேகவைத்து, மேலே ஒரு கரண்டி மிசோ. அதோடு வெதுவெதுப்பாக ஒரு சாக்கே. முகர்ந்தால் பெரிய மணம் எதுவும் இல்லாத சாக்கே அது. ஏன் இதற்கு இது என்று வந்தவர்களில் மூத்தவர் கேட்டார். சேவியர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாக்குல இருக்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். தொண்டையில இறங்கிப் போன பெறகுதான் வாசல்ல நின்னு திரும்பிப் பாக்கும். அந்த நேரத்துல வாயில முள்ளங்கி இருக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன். மூத்தவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ஒரு வாய் விழுங்கினார், காத்திருந்தார், முள்ளங்கியை எடுத்தார். ஆமாம், அப்படியேதான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. இறங்கிப் போன பிறகு எப்படி இருக்கும் என்று, இறக்கவே இறக்காதவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கேட்டும் விட்டேன். "அண்ணே, தொண்டைக்குள்ள போனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. "தெரிஞ்சவுக சொன்னாக" என்று சிரித்துவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டார். ஒகாவா சொல்லியிருக்க முடியாது. ஒகாவா பேசுவது எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். அவருக்குத் தெரிந்த தமிழே 'வணக்கம்', 'போதும்' என்ற இரண்டுதான். விடுதியில் வேறு யாருக்கும் சாக்கேயைக் கண்ணில் காட்டமாட்டார். அப்படியென்றால் யார் அந்தத் தெரிந்தவர்கள்? நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளேயே கிடந்தது. அடக்கத்தன்று ஊர் பேசியபோது ஒருவர் சட்டையையும் நான் பிடிக்காமல் போனது இதனால்தான். அவர் துப்பியதைப் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுவேன். வீட்டில் என்ன செய்தார் என்பதற்கு நான் எப்படிச் சத்தியம் பண்ணுவது?

மறு வாரம் மேட்டுப்பட்டிக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினா மதினி சமையலறையில் இருந்தார். அந்த பாட்டில்கள் அதே தட்டில் நின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால், காலி பாட்டில்களில் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி வைத்திருந்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"கேக்க வந்தத கேளு தனம்" என்றார் மதினி.

"ஒண்ணுமில்ல மதினி."

"அவுக முழுங்குனாகளான்னுதான? இந்தத் தெருவே அதத்தான் கேக்குது." மதினி அடுப்பை அணைத்தார். "நான்தான் முழுங்குனேன். நாக்கு அவுகளோடது. தொண்டை என்னோடது."

எனக்கு நின்ற இடம் மறந்துவிட்டது. மதினி, கணவர் குடித்த காலத்தில் அவர் ஒளித்துவைத்த பாட்டில்களைத் தேடித் தேடிச் சாக்கடையில் கொட்டியவர். அந்த நாற்றம் பட்டாலே வாந்தி எடுப்பவர்.

"மொத தடவ கேட்டப்ப கரண்டியத் தூக்கி எறிஞ்சேன்" என்றார். "ஒரு வாரம் பேசல. அவுக விடல. 'புள்ள, நாக்கு வரைக்கும் எனக்குத் தெரியுது. அதுக்கு மேல கதவு சாத்தியிருக்கு. நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு'ன்னு கெஞ்சுனாக. ஒரு ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து, கதவச் சாத்திக்கிட்டு ஒரு மொடக்கு முழுங்குனேன். எரியுதுன்னேன். 'அது இல்ல, அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு'ன்னாக. எதுத்தாப்புல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக."

மதினி அடுப்பு மேடையைத் துடைத்தார். பிறகு, "தனம், கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுசன் எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டதில்ல. குடிச்ச காலத்துல கேக்கத் தெரியாது. விட்ட பெறகு கேக்க வெக்கம். இத வெச்சுத்தான் கேட்டாக. வாரா வாரம் கேட்டாக. நான் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாக. மொதல்ல அதப் பத்திக் கேட்டாக, அப்புறம் என்னயப் பத்தியும் கேட்டாக" என்றார். "முள்ளங்கி நான் சொன்னதுதான்."

வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும் என்றாரே, அந்தச் சொல்? அதுவும் மதினியுடையதுதானாம். மகள் கல்யாணமாகிப் போன அன்று வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்ததாம்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. உடனே தெருவில் இறங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதைக் கத்துவது? அவர் பெயரைக் காப்பாற்றினால் மதினியின் பெயர் போகும். ஆண் குடித்தால் நாலு நாள் பேசுகிற ஊர், பெண் ஒரு மிடறு விழுங்கியதை எத்தனை காலம் பேசும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி இதழில் அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பொதுவாக ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"பொதுவா எதுக்கு? இத எழுது" என்றார் மதினி.

"வேணாம் மதினி. ஒங்களப் பேசுவாக."

"பேசட்டும். அவுக குடிச்சதுக்கு எம்புட்டு வருசம் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடந்தேன். இப்ப நான் குடிச்சதுக்கு அவுக எதுக்குக் கெட்ட பேரோட குழியில கெடக்கணும்? பேரப் போட்டே எழுது. சேவியர் துப்பினாரு, பிலோமினா முழுங்கினான்னு எழுது."

எழுதிவிட்டேன். இனி பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

அன்று கிளம்பும்போது மதினி ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஒகாவா கடைசியாகக் கொடுத்தது. திறந்தது, பாதி இருந்தது, இன்னும் வைத்தால் கெட்டுப்போகும். அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த அந்த நீல வளையக் கோப்பை கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். சேவியர் அண்ணனிடமிருந்து எனக்கு வேண்டியது கோப்பை இல்லை.

மதினி அதில் கொஞ்சம் ஊற்றினார். கையில் வைத்துக்கொண்டே, "இனி யாரு கேக்கப் போறா?" என்றார்.

எதிரே சேவியர் அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. வத்தலக்குண்டில் செய்தி கேட்ட நேரத்திலிருந்து நிலைகொள்ளாமல் கிடந்தவள் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மதினி உதட்டை வைத்து ஒரு மிடறு எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு மதினி?" என்று கேட்டேன். "அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார்.

"செத்த இரு" என்றார். "இறங்கட்டும்."